அவர் பேசும் கேபிள்

என் கணவர் இடது கால் பெருவிரலால் பேசுகிறார். விரலுக்கு அடியில் ஒரு சின்னப் பொத்தான். பொத்தானிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டியிலிருந்து தடித்த பழைய காலத்து சீரியல் கேபிள், அதன் முனையில் நீல நிறத்தில் ஓர் அடாப்டர், அடாப்டரின் மறுமுனை கணினியின் யு.எஸ்.பி. துளைக்குள். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்துகொண்டு போகும். வேண்டிய வரிசை வரும்போது ஒருமுறை அழுத்துவார், வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு முறை. "தண்ணி" என்று சொல்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். பரவாயில்லை, சொல்லி முடித்துவிடுவார். நான் எழுதப் போகும் அந்த மாதங்களில் அவரால் சொல்லி முடிக்க முடியவில்லை. நீல அடாப்டர் நடுவில் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

அவருக்கு வந்திருப்பது தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுப் போகும் நோய். முதலில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு கரண்டி பிடிக்க வரவில்லை, பிறகு நாக்கு. விரல்கள் மிச்சமிருந்தபோதே இந்தக் கறுப்புப் பெட்டியை அவரே பற்றவைத்துச் செய்துகொண்டார். கிள்ளான் துறைமுகப் பக்கம் லோரிகளை நிறுத்தி எடை போடுவார்களே, அந்த எடைமேடைகளைப் பழுது பார்ப்பதுதான் அவருடைய தொழில். எடைமேடையிலிருந்து கணினிக்கு எண்கள் போவது இந்த மாதிரி சீரியல் கேபிளில்தான். கண்ணசைவைப் படிக்கும் புதிய கருவி ஒன்றையும் வாங்கிப் பார்த்தோம். மதியத்துக்கு மேல் இவருடைய இமைகள் தொங்கிப்போகும், கருவி இவரைத் தூங்குகிறவர் என்று நினைத்துக்கொள்ளும். "லோரி ஏறி இறங்குது, மழை, மின்னல், எலி. அதுக்கே தாங்குது. எனக்குத் தாங்காதா?" என்று அப்போது குழறலாகச் சொன்னார். அவர் வாயால் சொன்ன கடைசி நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், அவருடைய அம்மா. பிள்ளைகள் இல்லை. அத்தை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தவர். மகன் நடக்க முடியாமல் போனதும் ஒரு பெட்டியும் தன் சாமி படங்களுமாக எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்துவிட்டார். பகலில் நான் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலைக்குப் போவேன், அத்தை அவரைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் நான் வந்ததும் காவல் மாறும்.

அடாப்டர் கெட்டுப்போவது வேறு எப்போதாவது நடந்திருந்தால் எரிச்சலோடு போயிருக்கும். அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இவருடைய மூச்சு குறைந்துகொண்டு வருகிறது, மூக்கில் மாட்டும் மாஸ்க் இனி அதிக நாள் போதாது. கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து, அதில் சுவாச இயந்திரத்தை இணைக்கலாம். வைத்தால் இன்னும் சில வருஷங்கள் கிடைக்கக்கூடும். வைக்காவிட்டால் ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலே போதும். வைப்பதாக இருந்தால் ராப்பகலாக ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தைக்குக் கை நடுக்கம். அந்த ஒருவர் நான்தான் என்பதை டாக்டர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

"நீங்க அடுத்த தவணை பார்க்க வர்றதுக்குள்ள முடிவு வேணும், புவான்," என்றார் டாக்டர். மலாய்க்காரப் பெண், நிதானமானவர், அம்மா என்பதுபோல் என்னைப் புவான் என்பார். "ஆனா அவர் சொல்லணும். நீங்க சொல்றது இல்ல, அவரோட அம்மா சொல்றது இல்ல. அவரோட வார்த்தையில."

அவருடைய வார்த்தை அந்த நீல அடாப்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

ஆமாம், இல்லை என்று சொல்ல அவருக்குக் கருவி வேண்டாம். கண்ணை மூடினால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை. அது போதாதா என்று கேட்கிறவர்கள் எங்கள் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலையில் அத்தை அவர் தலையைத் தடவிக்கொண்டு, "அய்யா, அம்மாகூட இருக்கணும்தானே?" என்பார். கண்ணை மூடுவார். சாயங்காலம் நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டே, "ரொம்ப அசதியா இருக்குதாங்க? போதும் போதும்னு இருக்கா?" என்பேன். அதற்கும் கண்ணை மூடுவார். அத்தைக்கு அத்தை கேட்ட பதில், எனக்கு நான் கேட்ட பதில். இரண்டையும் எடுத்துக்கொண்டு நாங்கள் சமையலறையில் ஒருவரையொருவர் பார்க்காமல் வெங்காயம் நறுக்குவோம்.

உண்மையைச் சொன்னால், அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அதற்கு மேலும் போய், மனசுக்குள் அவரை அனுப்பிவைத்தும் ஆகிவிட்டது. எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்றுகூட யோசித்திருக்கிறேன். அப்படி யோசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே எனக்கு எதுவும் வருவதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. ஆபீசில் எல்லாரும் நான் ரொம்பத் தைரியசாலி என்றார்கள். தைரியமாவது மண்ணாவது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஆள் முழுசும் மரத்துப்போயிருந்தேன்.

அதனால்தானோ என்னவோ, கேபிளைப் பழுது பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. இவருடைய நோய்க்கு என்ன காரணம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கேபிளுக்கு ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு தேடினால் கிடைக்கும்.

சுபாங் ஜெயாவில் இவரோடு எடைமேடை வேலை பார்த்த ஒரு தம்பி இருக்கிறான். தொலைபேசியில் அவன்தான் எனக்கு வாத்தியார்.

"அண்ணி, முதல்ல டிவைஸ் மேனேஜரத் திறங்க. அதுல போர்ட்ஸ்னு இருக்கும். அடாப்டர் பேரு தெரியுதா?"

"தெரியுது. பக்கத்துல மஞ்சள் முக்கோணம்."

"டிரைவர் பிரச்சினை லா. சிப்பு டூப்ளிகேட்டா இருந்தா புது டிரைவர் அதை ஏத்துக்காது. பழைய டிரைவர் அனுப்புறேன், அதப் போடுங்க."

போட்டேன். முக்கோணம் போனது. அவர் அன்று "ரசத்துல உப்பு" என்று முழுதாகச் சொன்னார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி நின்றுவிட்டது. திரையில் வரிசைகள் ஒளிர்ந்துகொண்டேயிருந்தன, அவருடைய விரல் அழுத்திக்கொண்டேயிருந்தது, ஒன்றும் பதியவில்லை. அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். நான் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டேன்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினி யு.எஸ்.பி.யைத் தானாகத் தூங்க வைத்துவிடுமாம். அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். சரியாகவில்லை. வேறு துளையில் செருகிப் பாருங்கள் என்றான். செருகினால் கணினி அதற்குப் புது எண் கொடுத்துவிடுகிறது, நேற்று வரை மூன்றாவது போர்ட்டாக இருந்தது இன்று ஐந்தாவது. எழுத்து நிரல் மூன்றாவதையே கேட்டுக்கொண்டிருக்கும், ஐந்தாவது இங்கே கத்திக்கொண்டிருக்கும். நிரலுக்குள் போய் எண்ணை மாற்றக் கற்றுக்கொண்டேன். புதுத் துளையில் சில நாள் நன்றாக ஓடும். பிறகு அதுவும் போகும். இப்படி முன்பக்கத் துளைகள் தீர்ந்து, பின்பக்கத் துளைகளுக்குப் போனோம்.

"லூப் டெஸ்ட் பண்ணிடலாம் அண்ணி," என்றான் ஒரு நாள். "கேபிளக் கழட்டிட்டு அடாப்டர் முனையில ரெண்டாவது பின்னையும் மூணாவது பின்னையும் ஒரு கம்பியால சேர்த்துடுங்க. அப்புறம் ஸ்கிரீன்ல ஏதாவது டைப் பண்ணுங்க. நீங்க அடிச்சது அப்படியே திரும்பி வந்தா அடாப்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பேப்பர் கிளிப்பை வளைத்துச் சேர்த்தேன். ஆங்கில எழுத்தில் "சாப்பிட்டாச்சா" என்று அடித்தேன். "சாப்பிட்டாச்சா" என்று வந்தது. "இல்லை" என்று அடித்தேன். "இல்லை" என்று வந்தது. வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்தேன். பின்னால் படுக்கையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் அது செத்துக் கிடந்தது.

புதியது ஒன்று வாங்கினேன். கோலாலம்பூரில் கணினிச் சாமான்களாகவே நிறைந்த ஒரு கட்டடத்தில் நாலு கடை ஏறி இறங்கி, "ஒரிஜினல்தானே அண்ணே?" என்று நாலு பேரிடமும் கேட்டு, நாலு பேரும் "ஒரிஜினல் லா அக்கா" என்று சொன்னதில் யார் கண்ணைப் பார்த்துச் சொன்னாரோ அவரிடம் வாங்கினேன். அதுவும் நீல நிறம்தான். வந்த வாரமே போனது. கண்ணைப் பார்த்துச் சொல்கிறவர்களையும் நம்ப முடியாது என்று கடைக்காரரைத் திட்டினேன். பாவம் அந்த மனிதர், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இங்கே அத்தையின் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று எல்லார் வீட்டிலும் செய்வதுதான், வீட்டில் உழைக்கிற பொருளுக்கெல்லாம் அத்தை சந்தனமும் குங்குமமும் வைத்தார். கார், ரைஸ் குக்கர், தையல் மெஷின், இவருடைய சக்கர நாற்காலி, கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டார், மாஸ்க்குக்குக் காற்று தள்ளும் பெட்டி, கணினி. மற்றவர்களுக்கு அது வருஷத்தில் ஒரு நாள். அத்தை அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும், நான் வேலைக்குப் போனதும், பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதுப்பொட்டு வைக்க ஆரம்பித்திருந்தார். எனக்கு அது தெரியும். தெரியும் என்றால், வீட்டில் எங்கே திரும்பினாலும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு புள்ளி இருக்கும், அவ்வளவுதான். பொட்டு இல்லாத பொருள் ஏதாவது இருந்தால்தான் எங்கள் வீட்டில் கண்ணில் படும். தம்பி ஒருமுறை அடாப்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். நட்ட நடுவில் பொட்டு. அவனும் தமிழன்தான், அவன் கண்ணிலும் படவில்லை. "லைட்டு எரியுதா அண்ணி?" என்று மட்டும் கேட்டான்.

தவணை நெருங்கியது. இவரை ஆம்புலன்சில் ஏற்றி கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கோலாலம்பூர் வரை கொண்டுபோக வேண்டாம், வீடியோவில் பேசிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முந்திய சனிக்கிழமை மதியம். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அடாப்டர் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தது. பின் ஏதாவது வளைந்திருக்கிறதா பார்ப்போம் என்று அதைப் பிடுங்கி, போன் டார்ச்சை அடித்து யு.எஸ்.பி. முனையின் வாய்க்குள் பார்த்தேன்.

உள்ளே தங்கநிறத் தகடுகள் நாலு தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிந்தது. மற்றவை மேல் வெளிர்மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. பல்குத்தியால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. அதை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அத்தை வெறுமனே மேலே பொட்டு வைக்கவில்லை. அடாப்டரைப் பிடுங்கி, ஈரத்துணியால் சுற்றிலும் துடைத்து, அதைச் சந்தனக் கையால் பிடித்துக்கொண்டு பொட்டு வைத்து, மறுபடி செருகியிருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் போயிருக்கிறது. அங்கிருந்து கணினியின் துளைக்குள் போயிருக்கிறது. நான் துளை மாற்ற மாற்ற, அத்தையும் பின்னாலேயே வந்து ஒவ்வொரு துளைக்கும் சந்தனம் ஊட்டியிருக்கிறார். புது அடாப்டர் புதுப்பொருள், அதற்கு இரண்டு பொட்டு. அடாப்டர் கெட்டுப்போகப் போக அது நன்றாக ஓட வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்திருக்கிறார். கடைக்காரர், டிரைவர், சிப்பு என்று நான் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்ததால் முதலில் நெஞ்செரிச்சல் என்றுதான் நினைத்தேன். அடாப்டரைத் தூக்கிக் காட்ட இவர் பக்கம் திரும்பினேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அசைய ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் இவர் சிரிக்கும்போது எனக்குத் தெரியும், கண்ணின் ஓரத்தில் தண்ணீர் நிற்கும். நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

கண்ணை மூடினார்.

ஊசி போடும் முன் தோலைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, பல்குத்தியில் சுற்றி, அடாப்டரின் வாயைத் துடைத்தேன். கணினியின் பின்பக்கத் துளை ஒன்றையும் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாகிக்கொண்டே வந்தது, அறை முழுக்கக் கோயில் வாசம். காயும்வரை பொறுத்திருந்து செருகினேன். விளக்கு எரிந்தது. வரிசைகள் ஓட ஆரம்பித்தன.

"எப்பலேருந்து தெரியும்?"

விரல் அழுத்தியது. எழுத்து எழுத்தாக வந்தது. "ஆயுத பூஜை."

"அன்னிக்கேவா? நடுவுல எத்தனையோ தடவ நல்லா வேலை செஞ்சுதே. உப்பு இல்ல, காத்தாடி வேகம், அது இதுன்னு சொன்னீங்களே. இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் மேசைக்கடியில உருண்டுக்கிட்டுக் கிடந்தேன், நீங்க படம் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருந்தீங்களா?"

கேட்டது ஆமாம், இல்லை என்று சொல்கிற கேள்வி இல்லை. வேறு மாதிரி கேட்டேன். "அத்தை மனசு நோகும்னு சொல்லலையா?"

கண்ணை மூடினார். சரி, விடுங்கள் என்று நான் எழுந்திருக்கப் போனேன். அம்மாவுக்குப் பிள்ளை, இதில் எனக்கு என்ன வேலை. ஆனால் விரல் நிற்கவில்லை. வரிசைகளைப் பார்த்துக் காத்திருந்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"அது பாதி."

"மீதி?"

"சரியானா நீ கேட்பே."

எதை என்று நான் கேட்கவில்லை. டாக்டருடைய கேள்விதான். அடாப்டர் செத்துக் கிடக்கும்வரை அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் முழுதாகக் கேட்க முடியாது, அவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது ஓடிய நாட்களிலும், முழுதாகச் சரியாகட்டும், பிறகு கேட்கலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். என்னால் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

"இப்ப கேட்கிறேன்," என்றேன். "குழாய் வேணுமா வேணாமா? நான் சொல்றதும் வேணாம், அத்தை சொல்றதும் வேணாம். நீங்க சொல்லுங்க."

ரொம்ப நேரம் ஆனது. வெளியே ஐஸ்கிரீம் மோட்டார்சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய், தெருக்கோடியில் திரும்பி, மறுபடி எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. அவர் நடுவில் தப்பாக ஓர் எழுத்தை அழுத்தி, அழித்து, மறுபடி ஆரம்பித்தார். நான் உதவவில்லை. பாதிச் சொல்லிலேயே நானே முடித்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வேணும்."

நான் அதை இரண்டு தரம் படித்தேன். இத்தனை மாதங்களாக நான் எந்த மனிதரை மனசுக்குள் வழியனுப்பிக்கொண்டிருந்தேனோ, அவர் போகவே நினைக்கவில்லை. அசதியா என்று கேட்டேன், அசதிதான் என்றார். போகட்டுமா என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியையும் பதிலையும் நானே போட்டுக்கொண்டேன்.

விரல் இன்னும் நிற்கவில்லை. வரிசைகள் மேலிருந்து கீழே ஓடின, மறுபடி மேலிருந்து ஓடின.

"உனக்கு?"

கேள்விக்குறி நிரலில் கடைசி வரிசையில் கடைசிக் கட்டம். சாதாரணமாக அவர் அதைப் போட மாட்டார், அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டும். "தண்ணி" என்றால் தண்ணி கேட்கிறார் என்று நமக்கே தெரியுமே. அன்று அதுவரை காத்திருந்து அழுத்தியிருந்தார்.

எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது, மூச்சு இருந்தது. ஒரு சொல் வரவில்லை. வேலையை விட வேண்டும். தூக்கம் என்பது இனி துண்டு துண்டாகத்தான். அதையெல்லாம் அவர் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறார், அதனால்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தார் என்றும் புரிந்தது. வேணும் என்று பொய்யாகச் சொல்லியிருக்கலாம். பொய்யாக வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். உள்ளே தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

"எனக்கு எதுவுமே தோணலைங்க," என்றேன். "ரொம்ப நாளா எதுவும் தோண மாட்டேங்குது. உங்க மேல கோபம் இல்ல. தெரியல."

கண்ணை மூடினார். தெரியும் என்கிறார் போலிருந்தது. வாசல் கேட் சத்தம் கேட்டது, அத்தை கோயிலிலிருந்து வந்துவிட்டார். அவசரமாக அவர் இரண்டு சொல் அடித்தார். "அம்மாகிட்ட சொல்லாதே."

அத்தையிடம் கத்த வேண்டும் என்று நான் வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, திரையில் இருந்ததை அழித்தேன். அத்தை வந்து பிரசாதத்தை மேசைமேல் வைத்தார், திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"வேலை செய்யுதா? நேத்துதான் நல்லா பெரிய பொட்டா வெச்சேன்."

"பார்த்தேன் அத்தை," என்றேன். "ஆனா இனிமே பொட்ட ஸ்கிரீன் மேல வைங்க. அதானே முகம். வாலுக்குப் போயி யாராவது பொட்டு வைப்பாங்களா?"

அத்தை கணினியை ஒரு கணம் பார்த்தார். "அட, ஆமா லா," என்றார். "இந்த ஒயருலதான் அவன் பேசறான்னு நெனச்சு வெச்சுக்கிட்டிருந்தேன். எனக்குத் தோணவே இல்லையே." போய் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து திரையின் மேல் விளிம்பில் ஒன்று வைத்தார். இவர் கண்ணோரத்தில் மறுபடி தண்ணீர் நின்றது.

தவணை நாளன்று டாக்டர் போன் திரையில் வந்தார். போனை நான் கணினிக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன், இவர் எழுதுவதை அவர் நேரடியாகப் பார்க்கட்டும் என்று. அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடாப்டரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. "குழாய் வைங்க," என்று வந்தது. நான் அதை மலாயில் சொன்னேன். அத்தை அங்கேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"நல்லது," என்றார் டாக்டர். பிறகு என்னைக் கூப்பிட்டார். "புவான்? உங்களால முடியுமா?"

"போலே," என்றேன். மலாயில் முடியும் என்று அர்த்தம். ஆபீசில் ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் சொல்கிற சொல். கப்பல் போனாலும் போலே, கப்பல் போகாவிட்டாலும் போலே. அதில் என் குரல் இருந்ததா என்று எனக்கே தெரியாது. டாக்டர் தலையாட்டினார், அறுவை அறைக்கான ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார், போனை வைத்துவிட்டார்.

இவருடைய மாஸ்க்கைக் கழுவ வேண்டியிருந்தது. பின்கட்டுக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்பு போட்டுக் குழாயையும் ரப்பர் விளிம்பையும் தேய்த்தேன். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. மாஸ்க்கை அலசித் தொங்கப்போட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ கறிவேப்பிலை தாளித்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியபோது எனக்குப் பசித்தது. சும்மா பசி இல்லை, அகோரப் பசி. இன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைக்க வேண்டும், இவர் நாக்கில் ஒரு சொட்டு தடவ வேண்டும், நாளைக்கும் தடவலாம், அடுத்த வாரமும் தடவலாம் என்று எண்ணம் தன்பாட்டில் ஓடியது. ஓடிக்கொண்டே போய், அடுத்த தீபாவளிக்கு இவருக்கு எந்த நிறத்தில் சட்டை எடுப்பது என்பதில் வந்து நின்றது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது சந்தோஷம்தான் என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஈரக் கையோடு உள்ளே போனேன். அத்தை அவர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் மறுபக்கம் போய், அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்தேன்.

"சனிக்கிழமை கேட்டீங்கல்ல," என்றேன். "எனக்கும் வேணும்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.